வேணுகோபாலசாமியின் கழுத்து

வெள்ளாம்புதூர் வேணுகோபாலசாமி தை மாதம் நான்காம் தேதி காலையில் தன்னுடைய வலது முழங்கையை இரண்டு விரற்கடை உயர்த்திக்கொண்டார். கருங்கல் சாமிதான். எந்தக் காலத்தில் யார் செதுக்கி வைத்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் குழல் வாசிக்கும் அவருடைய வலது முழங்கை விலாவோடு ஒட்டினாற்போல் இருக்கும் என்பது மட்டும் ஊருக்கே தெரியும், ஏனென்றால் மாலை கட்டும் தெய்வானை அந்த முழங்கை இடுக்கில் செருகி நிற்கிற மாதிரிதான் வருஷக்கணக்காக மாலையின் நீளத்தை வைத்திருந்தாள். அன்றைக்கு மாலை நிற்காமல் நழுவி விழுந்தது. நரசிம்ம பட்டர் எடுத்துப் போட்டார், மறுபடியும் விழுந்தது.

"தெய்வானை, மாலை நீளமாப் போச்சு" என்றார் பட்டர்.

"இல்லீங் சாமி, எப்பவும் போல நாலு மொழந்தானுங்." அவள் எட்டிப் பார்த்தாள். "சாமி கையத் தூக்கியிருக்காருங்."

பட்டர் தீபத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஆமாம். அப்ப நாளையிலேர்ந்து மூணே முக்கால் முழம் கட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

பொழுது உச்சிக்கு வருவதற்குள் தறிக்கூடம் தறிக்கூடமாக விஷயம் பரவிவிட்டது. கல் எப்படி அசையும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள எங்கள் ஊரில் யாருக்கும் நேரமில்லை. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: மூன்று நாளாக யார் வாசித்தது?

எங்கள் கோயிலில் காலை அலங்காரம் நடக்கிற அரை மணி நேரமும் குழல் வாசித்தாக வேண்டும். வாசிப்பவர் அர்த்தமண்டபத்து வாசலில் கிடக்கும் கல் பலகையில் சாமியைப் பார்த்து உட்கார வேண்டும், ஊருக்கு முதுகு. வாசிப்பு சாமிக்கு, வேண்டுமானால் நாமும் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் ஏற்பாடு. அதனால் இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பலகையில் உட்கார்ந்த திருவேங்கடத்தின் முகத்தைவிட அவருடைய முதுகுதான் எங்களுக்கு அதிகப் பழக்கம். காலையில் குழல், பகலெல்லாம் விசைத்தறி. நாலு தறியை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு, இழை அறும்போதெல்லாம் ஓடிப்போய்க் கழுத்தை வலது பக்கம் சாய்த்து, இடது தோளைத் தூக்கி, கண்ணை நூலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டுப் போட்டு, அந்த உடம்பு அப்படியே இறுகிப்போயிருந்தது. குழலோடு உட்கார்ந்தாலும் அறுந்த இழையைத் தேடுகிற மாதிரிதான் உட்காருவார். ஆனால் வாசித்தாரென்றால், அவசரமாகத் தறிக்குப் போகிறவன்கூடச் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றுவிடுவான். இதில் எங்களுக்குள் இரண்டு கருத்து கிடையாது.

அந்த மனிதருக்குத் தை பிறந்த அன்று காய்ச்சல் வந்தது. பலகை காலியாகக் கிடக்கக் கூடாதே என்று பட்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, திருச்சிப் பக்கத்திலிருந்து இரண்டு மாதம் முன்னால் மாற்றலாகி வந்த போஸ்ட் மாஸ்டர் சுகந்தி, "நான் வாசிப்பேன், வாசிக்கட்டுமா?" என்று கேட்டாள். நாற்பதை நெருங்குகிற வயது, தனியாக இருக்கிறவள், தபால் முத்திரையை நேராக விழுகிற மாதிரிதான் குத்துவாள். வந்து உட்கார்ந்தாள். அந்த முதுகைப் பார்த்த மாத்திரத்தில் எங்களில் பாதிப் பேர் எங்களை அறியாமல் நிமிர்ந்து நின்றோம். சம்மணம் கோணாமல், இடுப்பு ஒரு பக்கமும் சரியாமல், தோள் இரண்டும் ஒரே மட்டத்தில். குழல் தரைக்குச் சமமாக வலது பக்கம் நீண்டது. முழங்கை இரண்டும் விலாவை விட்டு விலகி, மூச்சுக்கு இடம் கொடுத்து நின்றன. இடது உள்ளங்கை அவளைப் பார்த்து, வலது உள்ளங்கை வெளியைப் பார்த்து, கட்டை விரல்கள் அடியில் தாங்க, மற்ற விரல்கள் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடிக்கிற அளவுக்கு மட்டும் வளைந்து துளைகளின் மேல் இருந்தன. வாசிப்பு எப்படி என்று கேட்டால், ஒரு குறையும் சொல்ல முடியாது. அது ஒன்றுதான் குறை.

அந்த மூன்று நாள் வாசிப்புக்குத்தான் சாமி முழங்கையைத் தூக்கினார்.

காய்ச்சல் விட்டு எழுந்த திருவேங்கடம் நேராகக் கோயிலுக்கு வந்தார். கண்ணால் பார்த்தார். பட்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங் சாமி, நான் வாசிச்சப்ப என்னிக்காச்சும் ஒரு வெரலாவது அசைஞ்சிருக்குதுங்களா?"

பட்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "நான் கவனிச்ச வரைக்கும் இல்லை, திருவேங்கடம்."

அன்றைக்கு அவர் வயிற்றில் பற்றிய நெருப்பு பங்குனி வரை அணையவில்லை. பொறாமை என்று அவரே ஒத்துக்கொண்டதைத்தான் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷம், மழை, பனி, மனைவியின் பிரசவ வலி, அப்பாவின் மரணப் படுக்கை எதற்கும் நிற்காமல் அந்தக் கல்லின் முன்னால் மூச்சைக் கொட்டியிருக்கிறார், அது கேட்டதா கேட்கவில்லையா என்பதற்கு ஒரு அடையாளமும் கிடைத்ததில்லை, கல் அப்படித்தான் இருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தார். இப்போது கல் அப்படி இல்லை என்று தெரிந்துவிட்டது. அதுவும் வேறொருத்திக்காக.

கோயில் அதிகாரி நல்லவர் என்று பெயர் எடுக்க ஆசைப்பட்டு, இருவரும் ஒருநாள் விட்டு ஒருநாள் வாசிக்கட்டும் என்று ஏற்பாடு செய்தார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. திருவேங்கடத்தின் நாளில் சாமி கல்லாக நிற்பார். சுகந்தியின் நாள் வந்தால் வலது சுண்டு விரலைச் சரிசெய்துகொள்வார், அல்லது இடது மணிக்கட்டை நேராக்கிக்கொள்வார், அல்லது குழலைத் தேடிக் குனிந்திருந்த கழுத்தை ஒரு நெல் அளவு தூக்கிக்கொள்வார். தை முடிவதற்குள் இடது தோள் இறங்கி வலது தோளோடு சமமாயிற்று. தெய்வானை வாரத்துக்கு ஒருமுறை மாலையின் நீளத்தை மாற்றினாள். சாமிக்கு வஸ்திரம் தைக்கிறவர், வளர்கிற பிள்ளைக்குத் தைப்பதுபோல உள்ளே துணி மடித்து விட்டுத் தைக்க ஆரம்பித்தார்.

ஊர் இந்த அதிசயத்தைத் தனக்கு வேண்டிய அளவுக்கு வெட்டித் தைத்துக்கொண்டது. இடுப்பு வலிக்காரர்கள் சுகந்தியின் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு வந்தார்கள், எங்கள் ஊரில் இடுப்பு வலி இல்லாதவர் யார், தறிக்காரர் அத்தனை பேரும் வந்தார்கள். போனைப் பார்த்துக் கூன் விழுந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் காதைப் பிடித்து இழுத்து வந்து முன்வரிசையில் நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் ஒரு வகுப்பையே வரிசையாகக் கூட்டி வந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைக் கோயிலில் வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள், அங்கே எல்லோரும் நேராக நிற்பதால் உயரம் சரியாகத் தெரியுமாம். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளையாரை ஒரு மாதம் உற்றுப் பார்த்துவிட்டு, எங்கள் சாமிக்கு அடியில் மோட்டார் இருப்பதாகப் பேச ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு வீடு மனைவிமார்களுக்கு ஒரு வசனம் கிடைத்தது. "கல்லுச் சாமியே நிமிந்து நிக்கறாரு, உங்களுக்கென்னங்க கேடு?"

திருவேங்கடத்தின் மனைவி ரத்தினாள் மட்டும் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. மாசி மாதம் ஒரு மத்தியானம் அவள் ரேஷன் கடையிலிருந்து திரும்பி வந்தபோது, அவர் முதுகில் ஒரு தறிப் பலகையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பீரோக் கண்ணாடி முன்னால் குழலோடு விறைத்து நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, முதுவுல என்னங்க பலகை?"

"சும்மா இரு."

"அந்தப் போஸ்டாபீஸ் அம்மிணியாட்ட உக்காரோணுமாக்கு?"

"சும்மா இருங்கறனல்லோ!"

ஊதிப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் சாய்ந்த உதட்டில் பழகிய காற்று, நிமிர்ந்த உதட்டில் வழி தெரியாமல் சீறியது. குக்கர் ஆவி விடுகிற மாதிரி ஒரு சத்தம். பலகையை அவிழ்த்துச் சாய்ந்து ஊதினார், பழைய வாசிப்பு அப்படியே வந்தது, அதைக் கேட்டு ரத்தினாள் ரேஷன் பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள். அவருக்கு அழுகைதான் வந்தது. நன்றாக வாசிக்க வேண்டுமானால் கோணலாக உட்கார வேண்டும், கோணலாக உட்கார்ந்தால் சாமி திரும்பிப் பார்க்க மாட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தை எங்கள் ஊர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. போஸ்ட் மாஸ்டர் அம்மாள் வேலை நேரத்தில் குழல் வாசிப்பதாகவும், தபால்கள் தேங்குவதாகவும், அவரை உடனே வேறு ஊருக்கு மாற்ற வேண்டும் என்றும் மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினார். இடது கையால் எழுதினார். பேர் போடவில்லை. எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்துக்கொண்டு, அதைக் கொண்டுபோய் ஊரில் இருக்கிற ஒரே தபால் பெட்டியில் போட்டார். அந்தப் பெட்டியைத் தினமும் திறந்து கடிதங்களை எடுத்து முத்திரை குத்துகிறவள் சுகந்தி.

அடுத்த நாள் வாசிப்பு முடிந்து அவர் படி இறங்கும்போது அவள் எதிரே வந்தாள்.

"ஐயா, நேத்து நீங்க போட்ட தபால்ல பின்கோடு தப்பா இருந்தது. திருத்தி அனுப்பிட்டேன்."

அவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தார். "அது... நானில்லீங் அம்மிணி."

"உங்க விரல்ல இன்னும் மை இருக்கு. இடது கை விரல்ல." அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது. போகிற போக்கில் திரும்பி, "நீங்க வாசிக்கற அன்னிக்கெல்லாம் நான் தூணுக்குப் பின்னாடி நின்னு கேக்கறேன். எனக்கு அப்படி வராது. ஆனா சாமி என் பக்கம் இருக்கார், நான் என்ன பண்ண?" என்றாள். அவள் சொன்னதில் கர்வம் இருந்ததா என்று ஊரில் விவாதம் நடந்தது. இருந்தது என்றுதான் பெரும்பான்மையானவர்கள் சொன்னார்கள், அதில் தப்பில்லை என்றும் சொன்னார்கள்.

பங்குனித் தேருக்குப் பத்து நாள் இருக்கும்போது சிக்கல் வந்தது. தேருக்கு முதல் நாள் மூலவருக்குச் சாத்துகிற வெள்ளிக் கவசத்தைப் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்து பட்டர் அளவு பார்த்தார். ஏறவில்லை. ஒன்பது வருஷம் முன்னால் சாமியின் உடம்புக்கு அச்செடுத்துச் செய்த கவசம், இப்போது கழுத்து ஒரு பக்கம் இடித்தது, தோள் ஒரு பக்கம் தூக்கியது, முழங்கை உள்ளேயே போகவில்லை. சாமி வளர்ந்துவிட்டார் என்று சிலர் பெருமைப்பட்டார்கள். கோயில் அதிகாரிக்குப் பெருமைப்பட முடியாது, அவர் மேலே பதில் சொல்ல வேண்டும். கவசத்தை மாற்றுவதென்றால் சாமியின் அங்க அளவு மாறியிருக்கிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டும், எழுதுவதற்குப் பழைய படங்களோடு ஒப்பிட வேண்டும். அதோடு இன்னொரு காகிதமும் தயார் செய்து வைத்திருந்தார். சித்திரை ஒன்று முதல் பலகை முழுக்கச் சுகந்திக்கு. திருவேங்கடம் ஓய்வெடுத்துக்கொள்ளலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பூசை முடிந்ததும், மண்டபத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு அதிகாரி பதிவேட்டை விரித்தார். சில வருஷத்துக்கு ஒருமுறை சாமியைப் படம் பிடித்து அதில் ஒட்டி வைப்பது வழக்கம். திருவேங்கடம் ஓரமாக நின்றார். ஓய்வுக் காகிதம் அதிகாரியின் சட்டைப் பையில் இருப்பது அவருக்குத் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும். பலகை போனால் அந்த மனிதருக்குத் தறி மட்டும்தான் மிச்சம்.

அதிகாரி முதலில் நாலு வருஷம் முன்னால் எடுத்த படத்தைக் காட்டினார். எங்களுக்குப் பழக்கமான சாமி. சாய்ந்த கழுத்து, ஒட்டிய முழங்கை, தூக்கிய இடது தோள். அடுத்தது ஒன்பது வருஷம் முன்னால், கவசம் செய்தபோது எடுத்தது. ஏறக்குறைய அதே சாமி, கழுத்து மட்டும் ஒரு பொட்டு நேராக இருந்தது. அதற்கு முந்தையது பதினைந்து வருஷம் பழசு. அதில் கழுத்து இன்னும் நேர், தோள் அவ்வளவாகத் தூக்கவில்லை, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு விரல் போகும். கடைசிப் படம் நிறம் மங்கியது, ஓரம் அரித்தது, பின்னால் தேதி எழுதியிருந்தது. இருபத்திரண்டு வருஷம். திருவேங்கடம் பலகையில் உட்கார்ந்த அதே வருஷம். அதில் சாமி இப்போது நிற்கிற மாதிரியே நின்றார், தோள் சமமாக, முழங்கை விலகி, கழுத்து நிமிர்ந்து, விரல்கள் எலுமிச்சம்பழம் அளவுக்கு வளைந்து.

அதிகாரி நாலு படத்தையும் வரிசையாக வைத்தார். பழையது முதலில் வருகிற மாதிரி வரிசையை மாற்றி வைத்துப் பார்த்தார். அது ஒரு ஆள் கொஞ்சம் கொஞ்சமாகத் தறியின் மேல் குனிவதுபோலத்தான் இருந்தது.

தெய்வானைதான் முதலில் வாயைத் திறந்தாள். "இது நம்ம திருவேங்கடண்ணன் உக்கார்ற மாதிரியல்லோ இருக்குது!"

அந்த முதுகை எங்களுக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமாக அதையும் பார்த்திருக்கிறோம், அதற்கு நேர் எதிரே சாமியையும் பார்த்திருக்கிறோம், இரண்டும் ஒன்றாகச் சாய்ந்துகொண்டு போனது ஒருவர் கண்ணிலும் படவில்லை, நாங்களும் கூடவே சாய்ந்துகொண்டிருந்தோமோ என்னவோ. பட்டர் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தினமும் தொட்டுக் குளிப்பாட்டியவர் அவர்.

திருவேங்கடம் படங்களுக்குப் பக்கத்தில் வந்தார். கடைசிப் படத்தைத் தொட்டார், முதல் படத்தைத் தொட்டார். "கேட்டிருக்காரு" என்றார். "தெனமும் கேட்டிருக்காரு." தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதிகாரி சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து, படித்துப் பார்ப்பதுபோல் பாவனை செய்து, நாலாக மடித்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இப்போதைக்கு மாறி மாறியே நடக்கட்டும்" என்றார்.

எல்லோரும் திருவேங்கடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் சுகந்தியைக் கவனித்தவர்கள் இரண்டொருவர்தான். அவள் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஐயா, உங்களுக்குக் கழுத்து வலிக்குமா?" என்று கேட்டாள்.

துண்டை இறக்கிவிட்டு அவர் சொன்னார், "வலிக்கும் அம்மிணி. தறிய நிறுத்திப்போட்டுப் பொழுதோட நல்லா வலிக்கும்."

"அப்ப அவருக்கும் வலிச்சிருக்கும்." அவள் குரல் நேராக இல்லை. "என்கிட்ட அவர் ஒண்ணும் வாங்கிக்கலை. பழைய எடத்துக்குத் திரும்பிப் போயிருக்கார், அவ்வளவுதான். உங்ககிட்டேருந்துதான் வாங்கியிருக்கார். வலியோட சேர்த்து வாங்கியிருக்கார்."

படங்களைப் பதிவேட்டுக்குள் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அவள் தபால் ஆபீசைத் திறக்கப் போனாள். அவள் முகத்தில் இருந்தது என்னவென்று அங்கே திருவேங்கடம் ஒருவருக்குத்தான் உடனே புரிந்தது, இரண்டரை மாதமாக அதே முகத்தைத்தான் அவர் பீரோக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வீட்டுக்குப் போய் ரத்தினாளிடம் இரண்டு கரண்டி சோறு கூடப் போடச் சொன்னார்.

மறுநாள் சுகந்தியின் முறை. திருவேங்கடம் தறிக்கு லீவு சொல்லிவிட்டு, வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு வந்து கூட்டத்தில் நின்றார். அவள் பலகையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே முன்வரிசையில் இருந்த தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுகந்தியின் கழுத்து வலது பக்கம் சாய்ந்திருந்தது. இடது தோள் தூக்கியிருந்தது. வலது முழங்கையை விலாவோடு அழுத்திக்கொண்டு, ஒரு பக்க இடுப்பில் பாரத்தைப் போட்டு, கண்ணுக்குத் தெரியாத இழையைத் தேடுகிறவள்போல் குனிந்து ஊதினாள். சுரம் பிசிறியது. இரண்டாவது மூச்சில் காற்று சீறியது. அவள் விடவில்லை, இன்னும் கொஞ்சம் சாய்ந்து, கழுத்து நரம்பு புடைக்க, மறுபடி ஊதினாள்.

எங்கே தப்பு என்று திருவேங்கடத்துக்குத் தெரியும். அந்தக் கோணல் அவளுடைய உடம்பில் விளைந்ததில்லை, அதில் அவளுக்கு வாசிப்பு வராது, வலி மட்டும் வரும். கழுத்தை நிமிர்த்துங்க அம்மிணி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை அவர் வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, சாமி அசைகிறாரா என்று பார்ப்பதற்காகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.